வீட்டுக்கல்வியின் முதல் ஆண்டு: எந்தப் பாடநூல், எந்தக் கருவி, எந்தத் தேர்வு?

குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கத் தீர்மானிக்கும் பெற்றோர் பலர், தொடக்கத்திலேயே இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக் குழம்பிவிடுகிறார்கள். இந்த ஆண்டு பிள்ளை எதைப் படிக்கும், எதைக் கொண்டு படிக்கும் என்பது ஒரு கேள்வி. பத்தாம் வகுப்புச் சான்றிதழை எந்த வழியில் பெறும் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு உடனே விடை வேண்டும். இரண்டாவதற்கு, எட்டு வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை, நான்கைந்து ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை மறந்து, சான்றிதழ் பற்றிய பயத்தில் விலை உயர்ந்த பாடத்திட்டத்தை வாங்கிவிடும் குடும்பங்கள் நிறைய.

மதுரையில் எட்டு வயது மகளோடும் பதினொரு வயது மகனோடும் வீட்டுக்கல்வியில் ஓராண்டைக் கடந்திருக்கும் எங்களுக்குமுன் இருந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதல் ஆண்டில் பாடத்திட்டத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் பாடநூல்களை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பணத்தையும் கவனத்தையும் வாசிப்பிலும், கையால் தொட்டுச் செய்து பார்க்கும் கணக்கிலும் அறிவியலிலும் செலவிடுவதே இம்மாநிலத்தில் வாழும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பொருத்தமானது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது; ஆனால் அதைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வகுக்கவில்லை. வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லி அனுமதிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. ஆகவே இங்கே பதிவு செய்துகொள்ள அலுவலகமும் கிடையாது, ஆண்டுக்கொரு முறை வந்து பார்க்கும் அதிகாரியும் கிடையாது. பிள்ளை என்ன படித்தது என்பதற்கான சான்றைக் குடும்பமே சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. பள்ளியிலிருந்து விலகும்போது மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொள்வதும், மாநிலக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, பள்ளியின் பட்டியலிலிருந்து பிள்ளையின் பெயர் பொதுத் தொகுப்புக்கு மாற்றப்பட்டுவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் அவசியம். பின்னாளில் வேறொரு பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முற்படும்போது, பழைய பள்ளியின் கணக்கிலேயே பெயர் தங்கியிருந்தால் அலைச்சல் மிகும்.

இனிப் பாடத்துக்கு வருவோம். புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு மூன்று வழிகள் உள்ளன: ஆண்டு முழுவதற்குமான ஆயத்தப் பாடத்தொகுப்பையோ இணையவழி நேரலை வகுப்பையோ விலைக்கு வாங்குவது, அரசுப் பாடநூல்களை வைத்துப் பெற்றோரே நடத்துவது, பாடத்திட்டம் எதுவும் இல்லாமல் பிள்ளையின் ஆர்வம் போகும் திசையில் உடன்செல்வது.

ஆயத்தத் தொகுப்பின் பெரிய பலன் பெற்றோரின் நேரம் மிச்சமாவதுதான். நாளுக்கு நாள் என்ன செய்ய வேண்டும் என்று அச்சிட்டே வந்துவிடுகிறது. தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கும், மாநிலம் விட்டு மாநிலம், நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களுக்கும் இது உண்மையிலேயே உதவும். ஆனால் வெளிநாட்டுத் தொகுப்பை எடுத்தால் நாணயக் கணக்கு சென்ட்டிலும் டாலரிலும் இருக்கும். எடை அவுன்சிலும் தொலைவு மைலிலும் இருக்கும். அறிவியல் பாடத்தில் வரும் பறவையும் மரமும் நம் தெருவில் இருக்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதில் தமிழ் இல்லை. தமிழுக்கு எப்படியும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். நேரலை வகுப்போ, பள்ளியின் கால அட்டவணையைத் திரைக்கு மாற்றித் தருகிறது. எந்தக் காரணத்துக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோமோ அந்தக் காரணம் பெரும்பாலும் அப்படியே எஞ்சிவிடும்.

மூன்றாவது வழிக்கு அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1970-களில் முன்வைத்த கருத்துகளே அடிப்படை. பிள்ளை தானாகக் கற்கும் ஆற்றலை நம்ப வேண்டும் என்ற அவருடைய கருத்தில் உண்மை இருக்கிறது. குறிப்பாகப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்துச் சலித்துப்போய் வரும் பிள்ளைக்கு, முதல் சில வாரங்கள் பாடமே நடத்தாமல் விட்டுவிடுவது பெரிய நன்மை. என் மகன் அந்த வாரங்களில் பழைய மிதிவண்டியின் சங்கிலியைக் கழற்றி மாட்டுவதிலும், நாளிதழைத் தரையில் விரித்துப் படிப்பதிலும் பொழுதைக் கழித்தான். அதன்பிறகு அவனாகவே கணக்கைக் கேட்டான். ஆனால் எழுத்தறிவும் எண்ணறிவும் படிப்படியாக ஏற வேண்டியவை. பின்னம் புரியாத பிள்ளைக்கு விகிதம் புரியாது. ஆர்வம் வரும்வரை காத்திருந்தால் அந்த இடைவெளி பத்து வயதில் கண்ணுக்குத் தெரியாது, பதின்மூன்று வயதில் சுவராக எழும். ஆகையால் இந்த வழியை முழுமையாக ஏற்க நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிற்பகல் பொழுதை அதற்கு விட்டுக்கொடுக்கலாம்.

எஞ்சியிருப்பது அரசுப் பாடநூல். இதைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அவர்களில் பலர் 2018-க்குப் பிறகு வந்த நூல்களைத் திறந்து பார்த்ததில்லை. 2018-19, 2019-20 ஆகிய இரு கல்வியாண்டுகளில் எல்லா வகுப்புகளுக்கும் பாடநூல்கள் புதிதாக எழுதப்பட்டன. பக்கங்களிலேயே கியூஆர் குறிகள் உள்ளன. பிடிஎஃப் வடிவில் விலையின்றிக் கிடைக்கின்றன. தொடக்க வகுப்புகளுக்குப் பருவம் பருவமாகப் பிரித்து அச்சிடப்பட்டிருப்பதால், ஒரு மெல்லிய நூலை முடித்தோம் என்ற நிறைவு பிள்ளைக்கு அடிக்கடி கிடைக்கிறது. வீட்டுக்கல்விக்காரர்கள் அதிகம் கவனிக்காத வசதி இன்னொன்றும் உண்டு. தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுக்கும் பாடம் ஒன்றே. ஆங்கிலவழியில் படித்து வந்த பிள்ளைக்குத் தமிழ்வழிச் சமூக அறிவியல் நூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், வரலாறும் புவியியலும் படித்த மாதிரியும் ஆகும், இலக்கணப் பயிற்சி என்று தனியாக உட்காராமலேயே தமிழும் தேறும். என் மகனின் தமிழ் உரைநடை இந்த ஓராண்டில் முன்னேறியதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மத்திய அரசின் என்சிஇஆர்டி நிறுவனம் வெளியிடும் நூல்களை இதனோடு ஒப்பிட்டால், கணக்கில் அவற்றின் புதிர்களும் கேள்விகளும் பிள்ளையை நிறுத்தி யோசிக்க வைப்பவை. 2023 முதல் வகுப்பு வகுப்பாக வரும் புதிய நூல்களுக்கும் இது பொருந்தும். அவையும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் தமிழில் இல்லை. சிபிஎஸ்இ பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் உள்ள குடும்பம் அவற்றை முதன்மை நூலாகக் கொள்ளலாம். மற்றவர்கள் கணக்குக்கு மட்டும் துணைநூலாக வைத்துக்கொண்டால் போதும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பாடநூலின் போதாமை எங்கே இருக்கிறது என்றால், அது படமாகக் காட்டுவதைப் பிள்ளை கையில் பிடித்துப் பார்ப்பதில்லை. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அது கடினம். வீட்டில் மிக எளிது. என் மகள் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்தால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்தால் மூன்று என்று, எங்கும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பதே அவளுடைய வழக்கம். கடன் வாங்கும் முறையை எத்தனை முறை விளக்கினாலும் மறுநாள் பழைய விடையே வந்தது. பிள்ளைகளின் அப்பத்தா தேய்ந்துபோன தென்னந்துடைப்பத்தைப் பிரித்து, ஈர்க்குச்சிகளைச் சாண் அளவு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் தரையில் கிடந்தன. "ஏழு குச்சி குடு தாயி" என்று அப்பத்தா கையை நீட்டினார். மகள் இரண்டு உதிரிகளைப் பார்த்தாள், கட்டுகளைப் பார்த்தாள், பிறகு யாரும் சொல்லாமல் ஒரு கட்டின் வளையத்தை உருவினாள். பன்னிரண்டில் ஏழைக் கொடுத்தபின் ஐந்து உதிரி. நான்கு கட்டில் இரண்டைக் கொடுத்தபின் இரண்டு கட்டு. இருபத்தைந்து. அதற்குப் பிறகு நோட்டில் அவள் போட்ட ஒவ்வொரு கழித்தலிலும் அந்தக் கட்டு அவிழ்வதை அவள் முகத்தில் பார்க்க முடிந்தது.

கைவசமுள்ள பொருளா, வாங்கிய மாண்டிசோரி பொருளா என்ற ஒப்பீடும் இங்கே தேவை. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் ஊர் திரும்ப இயலாமல் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கி, இந்நாட்டு ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் பயன்படும் பொன்மணித் தொகுப்பும் இதே தசமக் கருத்தைத்தான் கையில் தருகிறது. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று மணிகள் கோக்கப்பட்டிருக்கும். நல்ல தரமான தொகுப்பு விலை மிகுந்தது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்காக அதை வாங்குவதில் நியாயம் இல்லை என்பது என் கருத்து. ஆறேழு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிச் சுற்றில் விட்டுக்கொள்ள முடியுமானால் வாங்கலாம். நூறும் ஆயிரமும் வரும்போது ஈர்க்குச்சி கைக்கு அடங்காது என்பதும் உண்மை.

பெரிய பிள்ளைக்கு மின்சார மீட்டரைப் போன்ற கருவி வேறில்லை. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். என் மகன் தினமும் காலையில் அளவைக் குறித்து, முந்தைய நாள் அளவைக் கழித்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்தான். மாவு அரைக்கும் நாளில் கோடு எகிறும் என்று எதிர்பார்த்திருந்தான். எகிறியதோ துணி தேய்த்த நாளில். கிரைண்டரின் அடியிலும் இஸ்திரிப்பெட்டியின் பின்புறத்திலும் உள்ள தகட்டைப் படித்துப் பார்த்தபோது ஒன்றில் 150 வாட், மற்றொன்றில் 1000 வாட் என்றிருந்தது. கழித்தல், சராசரி, வரைபடம், ஆற்றல், படிநிலைக் கட்டணம் எல்லாம் ஒரே வேலையில் வந்துவிட்டன. இதற்கு ஈடான பயிற்சித்தாளை நான் எந்தத் தொகுப்பிலும் கண்டதில்லை.

திரைக் கருவிகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் கறாராக இருப்பது நல்லது. மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இயங்குகிறது. பாடநூலையே ஒட்டி நடப்பதால், பெற்றோருக்குத் தெரியாத பாடத்தை முதலில் தாங்கள் விளங்கிக்கொள்ள உதவும். ஆனால் பிள்ளை சும்மா உட்கார்ந்து கேட்கும் நேரம் அதில் அதிகம். மாநிலக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் இருக்கும் அசைவூட்டக் காட்சிகள், ஆறாம் வகுப்புக்கு மேற்பட்ட அறிவியலுக்குப் பொருத்தமானவை. தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. கான் அகாடமி என்ற இலவச இணையக் கற்றல் தளத்தின் பலமே பயிற்சிக் கணக்குகள்தான். தவறு செய்த இடத்தை உடனே காட்டி, அதே வகைக் கணக்கை மீண்டும் தருகிறது, எங்கே தடுமாறினான் என்பதும் பெற்றோருக்குத் தெரிகிறது. மகனுக்குக் கணக்குப் பயிற்சிக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எங்கள் தேவைக்கு மட்டும் திறப்பது என்று முடிவு செய்தோம். எட்டு வயது மகளுக்குத் திரை எதுவும் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

வாசிப்புக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு படிநிலைகளில் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் அச்சிட்டுத் தைத்து வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் மாத இதழ் 1987 முதல் வருகிறது. அஞ்சலில் பிள்ளையின் பெயருக்கே வரும் இதழுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அர்விந்த் குப்தாவின் குப்பைப் பொருள் விளையாட்டுக் கருவிகளை அவருடைய தளத்தில் பார்த்துச் செய்யலாம். காந்தமும் தண்ணீர்ப் புட்டியும் சைக்கிள் டியூபும் போதும். நூலகத்தைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. நம் பணத்தில் நடக்கும் கிளை நூலகத்துக்கு வாரத்தில் ஒரு முற்பகல் பிள்ளைகளை அழைத்துப் போவது, மாதச் சந்தா கட்டும் எந்தச் செயலியையும்விடப் பலன் தரும். மதுரையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவும், சென்னையில் கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவும் பொழுது முழுவதும் இருக்கத் தகுந்தவை.

விலை கொடுத்து வாங்கியவற்றில் தகுதி நிரூபித்தவை மூன்று: மை நிரப்பும் வகைப் பிரிண்டர், சமையலறை டிஜிட்டல் தராசு, நல்ல உலக உருண்டை. இவற்றோடு ஒரு லாங் சைஸ் நோட்டு. தேதி, படித்தது, செய்தது, ஒட்டிவைத்த ஒரு மாதிரித் தாள் என்று அதில் நாள்தோறும் ஒரு பக்கம். கைபேசியில் பதிவு வைத்துக்கொள்ளும் வசதிகள் உண்டு. ஆனால் நாளை ஒரு தலைமையாசிரியரின் மேசைமேல் எடுத்து வைக்கக்கூடியது நோட்டுதான்.

தோழமை பற்றி உறவினர் கேட்கும் கேள்வி நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கூடுவதற்கு வாய்ப்பு அதிகம். மற்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் மாலை நேரத்தையே நம்ப வேண்டும். அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் குறைந்த கட்டணத்தில் பாட்டும் ஓவியமும் சொல்லித் தருகிறார்கள். சிலம்பமோ கபடியோ தெருவுக்கு அருகிலேயே இருக்கும். பாடம் முற்பகலோடு முடிந்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: மாலையில் பிள்ளை களைத்திருக்கக் கூடாது.

சான்றிதழ் வழிகளை, பிள்ளைக்குப் பதினொரு வயதாகும்போது உட்கார்ந்து ஒப்பிட்டால் போதும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்ஐஓஎஸ், 1989-இல் தொடங்கப்பட்டது. பதினான்கு வயது நிறைந்தவர் அதன் பத்தாம் வகுப்பு நிலையில் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லாவிட்டாலும், படிக்கப் போதிய அளவு கற்றிருக்கிறேன் என்ற தன்னுறுதிமொழி போதும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு உண்டு, ஐந்தாண்டுக்குள் பாடம் பாடமாகவும் எழுதி முடிக்கலாம். பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் தாராளம் அதிகம். ஒரு மொழியாவது இருக்க வேண்டும் என்பதைத் தவிர ஐந்து பாடங்களையும் விரும்பியபடி எடுக்கலாம். அந்தத் தாராளமே ஆபத்தாகவும் முடியும். கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டு ஓவியத்தையும் மனையியலையும் எடுத்துத் தேறிய பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவைக் கேட்டால் கதவு திறக்காது.

மாநில அரசின் வழி, தனித்தேர்வராக, அதாவது பள்ளி வழியாக அல்லாமல் நேரடியாகத் தேர்வு எழுதுவது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் கட்டாயம். அதில் தேறியவர் பின்னர் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிந்து பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். விருப்பப் பாடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஏற்கெனவே அரசுப் பாடநூலைப் படித்துவரும் பிள்ளைக்கு இதில் புதிதாகப் படிக்க எதுவும் இல்லை. செலவு மிகக் குறைவு. மாநிலப் பள்ளிகளில் இந்தச் சான்றிதழுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக்கு நிகரான பன்னாட்டுத் தேர்வான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ-யைத் தனித்தேர்வராக எழுதுவோரும் உண்டு. செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்றை அதில் எடுக்கலாம் என்பது ஆய்வகம் இல்லாத வீட்டுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் கட்டணம் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. தனித்தேர்வரை ஏற்கும் மையத்தையும் தேட வேண்டும். வெளிநாட்டில் மேற்படிப்பு என்று தீர்மானமாக இருக்கும் குடும்பத்துக்கே அதைச் சொல்வேன்.

மகனுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வைத் தேர்ந்திருக்கிறோம். அதில் தேறியபின் என்ஐஓஎஸ் வழிக்கு மாற விரும்பினாலும் தடையில்லை. தன்னுறுதிமொழியின் இடத்தில் அரசுச் சான்றிதழ் இருக்கும். என்ஐஓஎஸ் வழியை மட்டும் நம்பியிருந்துவிட்டு, பதினான்காம் வயதில் மாநிலத் தனித்தேர்வுக்கு வர நினைப்பவர் மறுபடி எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கலாம்.

பள்ளிக்கே திரும்பும் வழியையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, பள்ளியில் இல்லாத பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். 13-ஆம் பிரிவு சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு வைப்பதைத் தடுக்கிறது. இந்தப் பாதுகாப்பு எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாம் வகுப்பில் நேரடியாகச் சேர்க்கும் உரிமையைச் சட்டம் தரவில்லை. ஆகவே திரும்பும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், ஏழாம் வகுப்புக்குரிய வயது முடிவதற்குள் பேசி முடிவெடுத்து, ஜூன் மாதச் சேர்க்கையின்போதே நோட்டையும் மாற்றுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள பள்ளிக்குப் போய்விடுவது நல்லது.